கிழக்குச் சுவருக்கு என்ன நிறம்

சங்கரன்கோவிலில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு எல்லாமே தங்கமாக இருக்கவேண்டும். கண்ணாடியைச் சுற்றித் தங்கம், கடிகாரத்தைச் சுற்றித் தங்கம், வாசலில் மாட்டுகிற பெயர்ப்பலகையில் தங்கம். ஜெனிபாவின் ஃபிரேம் கடைப் படியில் கால் வைக்கும்போதே "கோல்டு கலர்ல ஒண்ணு வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவள் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு சாண் நீளத்தில் அறுத்து வைத்திருக்கும் மாதிரிக் கட்டைகளை எடுத்து வரிசையாகப் பரப்புவாள். ஒவ்வொன்றிலும் ஒரு நிற மெழுகு. பளபளக்கும் தங்கம், பழைய தங்கம், வெள்ளி, ஈயம், செம்பு, வெண்கலம். அதன்பிறகு, மாட்டப்போகிற சுவர் எப்படி இருக்கும் என்று கேட்பாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் வந்தவள் வாசுதேவநல்லூர் சண்முகப்ரியா. ஆவணியில் பால்காய்ப்பு, ஹாலில் மாட்ட ஆள் உயரக் கண்ணாடி, அதற்கு வேலைப்பாடு வைத்த சட்டம்.

"சுவரு என்ன கலரும்மா?"

"மஞ்சதான்க்கா. லைட் மஞ்ச."

"பல்பு?"

"அதுவும் மஞ்ச லைட்டுதான்."

"மஞ்ச சுவத்துல மஞ்ச வெளிச்சத்துல தங்கத்தை மாட்டுனா, அது எங்கன இருக்குன்னு தேடணும்லா" என்று சிரித்தாள் ஜெனிபா. "செம்பு போட்டுப் பாருங்க."

ஷூ பாலிஷ் டப்பா போலவே இருக்கும் சின்னத் தகர டப்பாவைத் திறந்தாள். உலோகப்பொடி கலந்த மெழுகு. வெயில் காலத்தில் இது இளகிப்போகும் என்பதால் தண்ணீர் ஊற்றிய தட்டில்தான் டப்பாக்களை வைத்திருப்பாள். பழைய பனியன் துணியை ஆட்காட்டி விரலில் சுற்றி, தொட்டும் தொடாமலும் எடுத்து, கறுப்பு அடித்த சட்டத்தின் மேடுகளில் மட்டும் தடவினாள். பள்ளங்களில் கறுப்பு அப்படியே நின்றது. தறிக்கூடத்திலிருந்து வாங்கி வைத்திருக்கும் கழிவு நூலை உருட்டி நாலு தேய் தேய்த்ததும் பூவும் கொடியும் செம்பில் எழும்பி வந்தன. சண்முகப்ரியா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, செம்பே போடச் சொல்லி முன்பணம் கொடுத்துப் போனாள்.

அவள் போகட்டும் என்றுதான் ஏசுவடியாள் டீச்சர் நடைக்கதவுப் பக்கம் நின்றிருந்தார் போல. ஜெனிபாவின் மாமியார் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் தெருவுக்கு இன்னும் டீச்சர்தான். வீட்டின் முன்னறையைத்தான் மருமகள் கடையாக்கியிருக்கிறாள் என்றாலும், வியாபார நேரத்தில் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். அன்றைக்கு வந்து, முந்தானைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஜெனிபாவின் கணவன் ஜெபசுந்தரின் படம்.

"இதுக்கு ஒரு ஃபிரேம் போடு" என்றார். "சனிக்கெழமைக்குள்ள வேணும்."

ஜெனிபா கையைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்தாள். "என்ன கலர்ல அத்தை?"

"நீதான எல்லாருக்கும் பாத்துச் சொல்லுத. இதுக்கும் நீயே பாத்துக்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் அரைக்கிற சத்தம் எதுவும் இல்லாமல் குழாய்த்தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

இது என்ன பெரிய விஷயம், ஒரு படத்துக்குச் சட்டம் போடுவது என்று வெளியாள் நினைக்கலாம். அந்த வீட்டின் ஹாலைப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். கிழக்குச் சுவரில் இறந்தவர்கள். மாமனார் மாணிக்கராஜ், அவருடைய அப்பா அம்மா, டீச்சரின் அக்கா, சின்ன வயதில் காய்ச்சலில் போன ஒரு தம்பி. மேற்குச் சுவரில் உயிரோடு இருப்பவர்கள். பேத்தி ஜாய்லினின் ஞானஸ்நானப் படம், மதுரையில் இருக்கும் மகள் குடும்பம், டீச்சர் நல்லாசிரியர் விருது வாங்கிய படம். சீர்திருத்தக் கிறிஸ்தவ வீடுகளில் படத்துக்கு மாலை கிடையாது, விளக்கு கிடையாது, பொட்டும் கிடையாது. இருப்பவர் யார், போனவர் யார் என்று சட்டம்தான் சொல்லவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெனிபா இந்த மெழுகு வேலையைப் படித்தபோது முதலில் பண்ணியதே வீட்டுப் படங்களுக்குத்தான். மேற்குச் சுவருக்குப் பளிச்சென்று தங்கமும் வெள்ளியும். கிழக்குச் சுவருக்குக் கறுத்த வெண்கலம். "போனவங்களுக்கு மினுமினுப்பு எதுக்கு" என்று டீச்சர் சொன்னதால் அப்படி.

ஜெபசுந்தரின் படத்துக்கு மட்டும் ஒன்பது வருஷமாகச் சட்டம் இல்லை. பைபிள் வைக்கிற மேசையில், சுவரோடு சாய்த்து, அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தான். சட்டம் போட்டால் சுவரில் மாட்டவேண்டும். மாட்டினால் எந்தச் சுவர் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மாமியாரும் சொல்லவில்லை, மருமகளும் சொல்லவில்லை.

அவன் சரக்குக் கப்பலில் மெஷின் ரூம் வேலை பார்த்தான். ஜாய்லினுக்கு ஒரு வயது ஆனபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பவில்லை, கப்பல் முழுக்கத் தேடியாகிவிட்டது, மூன்று நாள் அந்தக் கடலிலேயே சுற்றியும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். இறந்துவிட்டார் என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பரீட்சைத்தாள் திருத்திய டீச்சர் அந்தக் கடிதத்தை வரிவரியாகப் பார்த்து, அந்தச் சொல் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு மடித்து வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் ஜெனிபாவிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஏதும் போன் வந்துதா?" அவளும் "இல்ல அத்தை" என்பாள். மூவாயிரம் சாயங்காலத்துக்கு மேல் கேட்டாயிற்று, சொல்லியாயிற்று.

ஏழு வருஷம் கழித்து, ஜாய்லினின் பள்ளிக்கூடத் தேவைகளுக்காக ஜெனிபா வக்கீலைப் பார்த்தாள். கோர்ட்டில் தீர்ப்பாகி, இறப்புச் சான்றிதழும் கிடைத்தது. டீச்சர் தேவையான இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதைக்கூட 'கோர்ட்டு பேப்பர்' என்றுதான் சொல்வார். வேறு பெயரில் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஐயர், அதாவது ஆலயத்துப் போதகர், ஒரு கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்தார். டேவிட்சன், வாசுதேவநல்லூர் தபால் ஆபீசில் வேலை, மனைவி புற்றுநோயில் இறந்து ஐந்து வருஷம், பிள்ளைகள் இல்லை. ஜெனிபா கடை நடத்துகிற விதத்தையும் பிள்ளையை வளர்க்கிற விதத்தையும் ஆலயத்தில் பார்த்திருக்கிறார். ஜெனிபாவுக்கு முப்பத்தாறு வயது. அவள் ஒரு மாதம் யோசித்தாள், அவரோடு ஐயர் வீட்டில் வைத்து மூன்று தடவை பேசினாள், பிறகு அவளுக்கே ஆச்சரியமாக, வேண்டும் என்று தோன்றியது. மனசார வேண்டும் என்று தோன்றியது. டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஜெபம் பண்ணுதேன்" என்றார்.

நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. சரி என்றாலும் அதுதான், முடியாது என்றாலும் அதுதான், நாளைக்குக் கேள் என்றாலும் அதுதான். மூன்று மாதமாக டீச்சர் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் ஊரைவிட்டுக் கலைந்த பிறகு ஐயரே நாள் குறித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் எழுந்து சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார்கள். விதவை என்றால் அதையும் சொல்லித்தான் வாசிக்கவேண்டும். டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் இந்தப் படம் மேசைக்கு வந்திருக்கிறது.

ஜெனிபா அன்றைக்கே சட்டத்தை அறுத்தாள். அகலம் இரண்டு விரல், ஓரத்தில் மட்டும் சின்னக் கயிறு வேலைப்பாடு. அடிப்பூச்சுக்குக் கறுப்பு எடுத்தாள். தங்கத்துக்கு அடியில் செங்காவிதான் போடுவாள், அப்போதுதான் தங்கம் சூடாகத் தெரியும். கறுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போகும். வெண்கலத்துக்கும் போகும், தங்கத்துக்கும் ஒப்பேறும். முடிவு பண்ணாமல் ஒரு நாளைத் தள்ளிவிடலாம். காற்றுக் காலம் என்பதால் ஜன்னலைச் சாத்தி, ஈரப் பூச்சில் தூசி ஒட்டாதபடி காயவைத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மாதிரிக் கட்டைகளை எடுத்து அவன் படத்தோடு வைத்து வைத்துப் பார்த்தாள். பாஸ்போர்ட்டுக்காக எடுத்து அப்புறம் பெரிதாக்கிய படம். நீலச் சட்டை. நீலத்துக்கு வெள்ளி நன்றாக எடுக்கும். தொழில்காரியின் கண்ணுக்கு வெள்ளிதான் சரி என்று பட்டது. ஆனால் அந்த வீட்டில் வெள்ளி மேற்குச் சுவருக்கு உரியது. செம்பை வைத்துப் பார்த்தாள். செம்பு எந்தச் சுவரிலும் இல்லை, அதை வைத்துத் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நப்பாசை வந்தது. பிறகு செம்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் ஹால் நடுவில் ஆணி எங்கே என்று தேடி நிற்பதை நினைத்ததும் கட்டையைக் கீழே போட்டாள். வெண்கலக் கட்டையை எடுத்தாள். அவன் முகத்தின் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தாள். வெண்கலம் போட்டால் அவனைத் தன் கையாலேயே அடக்கம் பண்ணியதாக ஆகிவிடும், அதுவும் இன்னொரு கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க இரண்டு நாள் முன்னால், பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்க. அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, அவன்மேல், டீச்சர்மேல், தன்மேல்.

சாயங்காலம் டேவிட்சன் வந்தார். ஐயர் கொடுத்துவிட்ட ஓலைப் படிவத்தில் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. செருப்பை வெளியே விட்டு, கடை ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்தார். மேசையில் படத்தையும் சுற்றிலும் கிடந்த கட்டைகளையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குணம்தான் அவளுக்கு அவரிடம் பிடித்தது.

அவளே சொன்னாள். "அத்தை குடுத்தாங்க சார். கலர் நான் பாக்கணுமாம்."

அவர் கொஞ்ச நேரம் வெண்கலக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல அவ படத்துக்குக் கறுப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரெடிமேடா தொங்குன ஃபிரேம். அன்னைக்குக் கலர் பாக்க எங்க நேரம் இருந்துச்சு?" என்றார். பிறகு, "நீங்க எதைப் போட்டாலும் எனக்கு வருத்தம் இல்ல ஜெனிபா. ஓலையைத் தள்ளி வைக்கணும்னாலும் சொல்லுங்க. ஐயர்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

"நாளைக்குச் சொல்லுதேன் சார்" என்றாள். படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவர் அதை மடித்துப் பைக்குள் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் பைக் தெருமுனை திரும்பும் முன்னே டீச்சர் நடைக்கதவில் வந்து நின்றார். "ஏதும் போன் வந்துதா?"

"இல்ல அத்தை."

டீச்சர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த முதுகைப் பார்த்ததும் ஜெனிபாவுக்கு முடிவு வந்துவிட்டது. இந்த மனுஷி இன்னும் காத்திருக்கிறாள். இந்த வயதில் இவளிடமிருந்து அதைப் பறித்துவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆலயத்தில் போய் நிற்க என்னால் ஆகாது. தன்னுடைய ஆசையை எடுத்து ஓரமாக வைத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தங்க மெழுகு டப்பாவைத் திறந்தாள். பழைய தங்கம்கூட இல்லை, பளபளக்கும் தங்கம். செய்வதென்றால் முழுசாகச் செய்துவிடவேண்டும் என்ற வைராக்கியம். கயிறு வேலைப்பாட்டில் ஒவ்வொரு முறுக்காகத் தடவி, அரைமணி நேரம் காயவிட்டு, கழிவு நூலால் தேய்த்தாள். மறுபடி ஒரு கை. மறுபடி தேய்ப்பு. கறுப்பு தெரியாதபடி மூன்று கை போட்டாள். வாடிக்கைக்காரிகள் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவளே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். நீலச் சட்டை அந்தத் தங்கத்துக்குள் வெளிறிப்போய்த் தெரிந்தது. ஓலைப் படிவத்தை நாலாக மடித்து இழுப்பறைக்குள் போட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஜாய்லின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போனதும், சட்டத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுத்தியலும் ஒரு ஆணியும் இருந்தன.

சட்டத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷப்படுவார், அழுவார், ஜெபம் பண்ணுவார் என்றெல்லாம் ஜெனிபா நினைத்திருந்தாள். டீச்சரின் முகம் அப்படியே சுருங்கிப் போனது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணியிருக்க?"

"அத்தை..."

"மூணு நாளு இதுக்குத்தானா நான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்? தங்கத்தைப் பூசிக் கொண்டாந்திருக்க. இன்னும் எத்தன வருசத்துக்கு நான் அவனை உசுரோட வச்சிருக்கணும்?"

ஜெனிபாவுக்குக் காதில் விழுந்தது புத்தியில் ஏறவில்லை. பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கதான அத்தை..." என்றாள். "டெய்லி போன் வந்துதா, போன் வந்துதான்னு கேக்கிய."

"நீதான அந்த நம்பரை மாத்தாம வச்சிருக்க! எல்லாரும் சிம்மு மாத்துதாங்க, நீ மாத்த மாட்டேன்னு நிக்க. சிக்னல் இல்லன்னா மாடிக்கு ஓடுத. காத்துக்கிட்டுக் கெடக்கியேன்னு நெனச்சேன். கேக்காம இருந்தா, கெழவி நம்பிக்கைய விட்டுட்டான்னு நீ ஒடைஞ்சு போவேன்னு கேட்டேன்."

"நீங்க கேப்பீயன்னுதான் அத்தை நான் மாத்தல."

பக்கத்துத் தெருத் தறிச்சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்திக்காக இன்னொருத்தி என்று ஒன்பது வருஷம் ஒரு செத்தவனுக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியாவது ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"எனக்கு மூணாம் வருசமே தெரியும்" என்றார் டீச்சர். குரல் இறங்கிவிட்டது. "அவன் கூட வேலை பாத்த தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் வந்தாம்லா, நீ டைலர் கடைக்குப் போயிருந்த நேரம். அந்தக் கடலைப் பத்திச் சொன்னான். அதுல விழுந்தவன் பொழைக்க மாட்டான்னு சொன்னான். நான் ஒங்கிட்ட சொல்லல. சின்னப்பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்க, எப்படிச் சொல்ல?"

"அப்போ இப்ப ஏன் கேட்டதுக்குப் பதில் சொல்லல? மூணு மாசம் அத்தை. மூணு மாசம் ஜெபம் பண்ணுதேன், ஜெபம் பண்ணுதேன்னு..."

"சரின்னு சொன்னா எம்பிள்ள செத்துட்டான்னு என் வாயால சொன்ன மாதிரி ஆயிரும். வேண்டாம்னா ஒன்னைக் கொன்ன மாதிரி ஆயிரும். அந்தப் பேச்சு எனக்கு வரமாட்டேங்கு ஜெனிபா. அதான் ஒங்கையில குடுத்தேன். நீ கறுத்த சட்டமா கொண்டாருவ, நான் கேள்வி கேக்காம வாங்கி மாட்டிருவேன்னு நெனச்சேன்."

ஜெனிபாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, தலை முதல் கால் வரைக்கும். "அதுக்கு எந்தலையில வைப்பியளா? ஒங்களுக்குச் சொல்ல முடியாததை நான் எப்படி அத்தை செய்வேன்? ராத்திரி பூரா தூங்கல. அந்த மனுசன்ட்ட கல்யாணம் வேண்டாம்னு சொல்லப் போனேன்."

"தப்புதான்" என்றார் டீச்சர். யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொல்லிவிட்டு சட்டத்தின்மேல் குனிந்து அழுதார். சத்தமில்லாத அழுகை இல்லை. வாய்விட்டு, மகன் பெயரைச் சொல்லி, அடக்க வீட்டில் அழுவதுபோல அழுதார். கடிதம் வந்த அன்று அழாத அழுகை அது. ஜெனிபா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஜெயசிங் அண்ணாச்சி வாசல்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு, நிலைமை புரிந்தோ புரியாமலோ, கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஓய்ந்தபிறகு டீச்சர்தான் முதலில் எழுந்தார். "இதை அழிக்க முடியுமா?"

"டர்பன்டைன் போட்டுத் தொடைச்சா போயிரும். அடிக்கறுப்பும் கொஞ்சம் போவும். மறுபடி அடிச்சுக் காயவைக்கணும், இன்னைக்கு முடியாது. இதுக்கு மேலேயே கறுத்த வெண்கலத்தைத் தேய்க்கலாம்."

"தேய்ச்சா?"

"தங்கம் அடங்கிரும். சுத்தமா மறையாது அத்தை, ஓரத்துல எங்கயாவது லேசாத் தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போட்டும்."

கடை மேசைக்குப் போனார்கள். ஜெனிபா டப்பாவைத் திறந்து, பனியன் துணியை எடுத்தபோது டீச்சர் விரலை நீட்டினார். அவள் அந்த விரலில் துணியைச் சுற்றிவிட்டாள். எவ்வளவு எடுக்கவேண்டும், எப்படி ஒரே திசையில் இழுக்கவேண்டும் என்று ஒரு முறை காட்டினாள். டீச்சர் கரும்பலகை துடைக்கிற வேகத்தில் ஆரம்பித்து, அப்புறம் நிதானித்தார். மேல்பக்கம், வலதுபக்கம், கீழ்ப்பக்கம். தங்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து இறங்கியது. இடதுபக்கத்துக்கு வந்ததும் கை ஓய்ந்துபோய், "நீ பண்ணு" என்று துணியை அவிழ்த்துக் கொடுத்தார். மிச்சத்தை ஜெனிபா பண்ணினாள்.

கிழக்குச் சுவரில் மாணிக்கராஜ் படத்துக்குப் பக்கத்தில் ஆணியை அடித்தது டீச்சர்தான். மாட்டிவிட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தார்கள். நீலச் சட்டை அந்தக் கறுத்த சட்டத்துக்குள் அமைதியாக இருந்தது. விளையாடிவிட்டு வந்த ஜாய்லின் பைபிள் மேசையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா செத்துட்டாங்களா ஆச்சி?"

"ஆமா மக்கா" என்றார் டீச்சர். "ஒனக்கு ஒரு வயசா இருக்கும்போதே."

சாயங்காலம் அவர் எதுவும் கேட்கவில்லை. ஜெனிபா படிவத்தை எடுத்து, மடிப்பை நீவிவிட்டுக் கையெழுத்துப் போட்டு, டேவிட்சனுக்குப் போன் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், நடுவில் ஜாய்லின். இரண்டாம் பாடம் வாசித்து முடித்ததும் ஐயர் தாளை எடுத்தார். காலஞ்சென்ற ஜெபசுந்தரின் விதவையாகிய ஜெனிபாவுக்கும், மனைவியை இழந்தவராகிய டேவிட்சனுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு முதலாம் ஓலை என்று வாசித்தார். காலஞ்சென்ற என்ற சொல்லோடு அந்தப் பெயரைச் சபை கேட்பது அதுதான் முதல் தடவை. தடை உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று நிறுத்தினார். சபையில் பாதிப் பேர் டீச்சரின் பின்கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அசையவில்லை. ஐயர் தாளை மடித்தார்.

பிறகு எல்லாரும் முழங்காலில் நின்று நீண்ட ஜெபத்துக்கு வந்தார்கள். ஐயர் ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்லச் சொல்ல, சபை ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு போகும். அதில் தரையிலும் தண்ணீரிலும் பயணம் போகிறவர்களுக்காக ஒரு விண்ணப்பம் உண்டு. ஒன்பது வருஷமாக அந்த இடம் வரும்போது ஏசுவடியாள் டீச்சரின் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே எழும்பும். பாட்டுக்குழுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். பழகியவர்கள் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். அன்றைக்கும் அந்த விண்ணப்பம் வந்தது. சபை பதில் சொன்னது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு குரல் இல்லாமல் பதில் மெலிந்து, முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நின்றது. ஜெனிபா கண்ணைத் திறந்து பார்க்கப் பயந்தாள்.

அதற்கு அடுத்த விண்ணப்பம் தகப்பனில்லாத பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் ஆனது. ஐயர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே டீச்சர் கையை நீட்டி, ஜாய்லினின் கையையும் ஜெனிபாவின் கையையும் சேர்த்துப் பிடித்தார். சபை சொல்லவேண்டிய பதிலை அவர் தனியாக, முதலாவதாக, உரக்கச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னார். சபையார் அவரோடு சேர்ந்து சொல்லி முடிக்கும் வரைக்கும் ஐயர் புத்தகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.